மாத்திரை அட்டைய பாத்துட்டாங்க மேடம்

வணக்கம் மேடம். எனக்கு கொழிஞ்சாம்பாறை பக்கம்ங்க, கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கி பிஎஸ்சி செகண்ட் இயர் படிக்கிறேன். போன செமஸ்டர் எக்ஸாம் ஹால்ல திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சு கையெல்லாம் நடுங்கி, செத்துருவேனோன்னு பயந்து பேப்பர பாதில குடுத்துட்டு வெளிய ஓடிட்டேன், அப்புறமும் அப்படி வந்துச்சு. பாலக்காட்டுல மனநல டாக்டர் பேனிக்னு சொல்லி மாத்திரை குடுத்தாரு. ரூம்ல ஒருத்தன் அட்டைய எடுத்து கூகுள்ல போட்டு பாத்துட்டான், அன்னிலருந்து கிளாஸ்ல என் பேரே குதிரவட்டம், மனநல ஆஸ்பத்திரி இருக்கற எடத்து பேரு. ஊர்ல வட்டும்பாங்க, இங்க லூசுங்கறாங்க. அம்மா யார்ட்டயும் சொல்லாத, அக்காவுக்கு வரன் பாக்குறோம்ங்குது. மாமா, மனசு திடமா இருந்தா மாத்திரை எதுக்குடாங்கறாரு. அடுத்த வருசம் பிளேஸ்மெண்ட் வேற. மாத்திரைய நிறுத்திரலாமாங்க?

பதில்:

தம்பி, நீயா நிறுத்தாத. பேனிக்குக்கு வழக்கமா குடுக்கற மாத்திரை புடிக்கவே சில வாரம் ஆகும், டக்குனு விட்டா தலைசுத்தல், எரிச்சல், தூக்கமில்லாம போறதுன்னு வரலாம், அத பாத்து நோய் முத்திருச்சுன்னு இன்னும் பயந்துக்குவ. எப்ப குறைக்கணும்னு டாக்டர் சொல்லட்டும்.

ஹால்ல வந்தது என்னன்னா, ஆபத்துல ஓடறதுக்காக உடம்பு விடற அட்ரினலின், ஆபத்தே இல்லாதப்ப வந்துருச்சு. பெரும்பாலும் 10 நிமிசத்துக்குள்ள உச்சத்துக்கு போய் தானா இறங்கிரும். ஆனா நீ ஓடுனதால, உள்ளயே இருந்திருந்தா செத்திருப்போம்னு மனசு நம்பிருச்சு, அதான் மறுபடி வருது. இனி வந்தா பேனாவ வெச்சுட்டு, கால தரைல நல்லா ஊனி, இழுக்கற மூச்ச விட விடற மூச்ச நீளமா விட்டுட்டு அப்படியே உக்காரு. சும்மா இருக்கறப்பவே தினமும் பழகு, நேரா ஹால்ல போய் செஞ்சா வராது. மாமா சொல்ற திடம் இப்படி பழகி வர்றது தான், அதுக்கும் மாத்திரைக்கும் சண்டையே இல்ல.

குதிரவட்டம்ங்கறானே, அது கோழிக்கோட்டுல இருக்கற கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, ஓபில பாத்துட்டு மாத்திரையோட பஸ் ஏறி வீட்டுக்கு போறவங்க எத்தனையோ பேர். சென்னைப் பக்கம் கீழ்ப்பாக்கத்த வெச்சு இதே ஜோக்க சொல்லுவாங்க, எனக்கு என்னிக்கும் சிரிப்பு வந்ததில்ல. அந்த பையன தனியா கூப்ட்டு, எனக்கு பேனிக் வருது, மாத்திரை சாப்பிடறேன், அந்த பேர் வேண்டாம்டான்னு ஒரே தடவ சொல்லு. கேக்கலன்னா வார்டன்ட்ட போ. எல்லார்ட்டயும் விளக்கிட்டு திரியணும்னு இல்ல, சாப்டியான்னு கேக்கற ஒருத்தனுக்கு தெரிஞ்சா போதும்.

பிளேஸ்மெண்டுக்கு பயப்படாத. 2017 மனநல பராமரிப்பு சட்டப்படி உன் சிகிச்சை விவரம் ரகசியம், யார் உயிருக்காவது ஆபத்துங்கற மாதிரி சில விதிவிலக்கு தவிர. உன்ன கேக்காம டாக்டர் காலேஜுக்கோ கம்பெனிக்கோ சொல்லக்கூடாது. ராத்திரி தாங்க முடியலன்னாலோ சாகலாம்னு தோணுனாலோ உடனே 14416 அடி, டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம், கேரளா பார்டர் வாளையாறுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் அதே நம்பர் தான், தமிழ்லயே பேசலாம்.

அம்மா அக்காவ நெனச்சு பயப்படறாங்க, அத நான் தப்பு சொல்ல மாட்டேன். அடுத்த தடவ டாக்டர்ட்ட போறப்ப அவங்களயும் கூட்டிட்டு போ, மாமாவும் வரட்டும், மாத்திரை எதுக்குங்கற கேள்விய அங்கயே கேக்கட்டும்.