கருப்பை நீக்க அறுவையில் ரத்தம் குறைவாகப் போக எது நல்லது: நூலா, கருவியா?

நூலால் கட்டுவது, மின்கருவியால் அடைப்பது, இரண்டில் எதில் ரத்தம் குறைவாகப் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கருப்பைக்கு ரத்தம் பெரும்பாலும் இரு பக்கத் தமனிகள் வழியாக வருகிறது. சண்டை முழுக்க அவற்றோடுதான்.

நூல் மலிவு, எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும். வயிற்றைத் திறந்து செய்தால் அதுவே தாராளமாகப் போதும். பிறப்புறுப்பு வழியாகச் செய்யும்போதுதான் குறுகிய இடத்தில் முடிச்சுப் போடுவது சிரமம். அங்கே லிகாஷ்யூர் போன்ற கருவிகள் கைகொடுக்கும், 7 மி.மீ. வரையுள்ள ரத்தக்குழாயை அழுத்திச் சூடாக்கி ஒட்டிவிடும். நேரம் மிச்சமாகும், ரத்த இழப்பும் கொஞ்சம் குறையும். கொஞ்சம்தான், விளம்பரம் சொல்கிற அளவுக்கு இல்லை! ஆனால் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் சிறுநீர்க்குழாய் தமனிக்கு அடியிலேயே, கருப்பை வாயிலிருந்து சுமார் 2 செ.மீ. தள்ளிப் போகிறது. சூடு பரவினால் அது காயப்படலாம்.

அப்புறம், பலரும் கேட்க மறப்பது மருந்து. டிரானெக்சாமிக் அமிலத்தை அறுவை தொடங்கும்போது ஊசியில் கொடுத்தால் ரத்தப்போக்கு குறைகிறது. 2016இல் வெளியான டென்மார்க் ஆய்வும் இதைக் காட்டியது. முன்பு காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

என்னைக் கேட்டால், கருவியின் பெயரைவிட டாக்டருக்கு எது கைப்பழக்கம் என்று கேளுங்கள். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் அதை முன்கூட்டியே உயர்த்திக்கொள்ளுங்கள்.