கோச்சை நீக்கிவிட்டார்கள்: பெற்றோர் யாரிடம், எதைக் கேட்பது?

கேள்வி: அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் புறநகர் ஒன்றில் வசிக்கிறோம். 2014 அக்டோபரில் பிறந்த எங்கள் மகள் இரண்டரை ஆண்டுகளாக இங்கே ஒரு கால்பந்து கிளப்பில் ஆடுகிறாள். அவளுடைய கோச்சை மார்ச் மாதக் கடைசியில் திடீரென்று நீக்கிவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு, “பணியாளர் தொடர்பான விஷயம், பேச இயலாது” என்று ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. ஜனவரியில் பொறுப்பேற்ற புதிய பயிற்சி இயக்குநர், அடுத்த சீசனில் அணியை இரண்டாகப் பிரிக்கப்போவதாகவும் அறிவித்திருக்கிறார். பெற்றோரின் வாட்ஸாப் குழுவில் பாதிப் பேர் இயக்குநரை நீக்கக் கோரும் மனுவில் கையெழுத்துக் கேட்கிறார்கள். மீதிப் பேர் பழைய கோச் சேரப்போகும் கிளப்புக்கு ஒட்டுமொத்தமாகப் போய்விடலாம் என்கிறார்கள். அடுத்த சீசனுக்கான ட்ரைஅவுட்டுக்கு, அதாவது அணித் தேர்வுக்கு, இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. நாங்கள் என்ன செய்வது?

பதில்: அணி பிரிவதை முதலில் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், ஏனென்றால் அது பெரும்பாலும் புதிய இயக்குநரின் முடிவாக இருக்காது. 2016-17 சீசன் முதல் அமெரிக்க இளையோர் கால்பந்து அணிகள் பிறந்த ஆண்டை வைத்து, அதாவது ஜனவரி முதல் டிசம்பர் வரை என்ற கணக்கில் பிரிக்கப்பட்டு வந்தன. இளையோர் கால்பந்தை நடத்தும் யுஎஸ் யூத் சாக்கர், யுஎஸ் கிளப் சாக்கர், ஏஒய்எஸ்ஓ ஆகிய மூன்று அமைப்புகளும் 2026-27 சீசனிலிருந்து ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை என்ற கணக்குக்கு மாறுகின்றன. பள்ளியில் ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் மைதானத்திலும் கூடியவரை ஒரே அணியில் இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். இதன்படி, உங்கள் மகளோடு இன்று ஆடுகிற, 2014 பிப்ரவரியில் பிறந்த ஒரு தோழி அடுத்த சீசனில் 13 வயதுக்கு உட்பட்டோர் பிரிவுக்குப் போய்ப் பதினொருவர் ஆட்டம் ஆடுவாள். அக்டோபரில் பிறந்த உங்கள் மகளோ இன்னும் ஓராண்டு 12 வயதுக்கு உட்பட்டோர் பிரிவிலேயே, ஒன்பதின்மர் ஆட்டத்தில், அதே நான்காம் எண் அளவுப் பந்தோடு இருப்பாள். பழைய கோச் இருந்திருந்தாலும் இந்தப் பிரிவு வந்தே தீர்ந்திருக்கும். இதை ஒரு மாலை பெற்றோரைக் கூட்டி விளக்காதது இயக்குநரின் குறைதான். ஆனால் அதை விளக்காத குறையாக மட்டும் சொல்லுங்கள், அணியை உடைத்த குற்றமாக மாற்ற வேண்டாம். என்னைக் கேட்டால், சிறிய மைதானத்தில் இன்னோர் ஆண்டு ஆடுவதும், பிரிவில் வயதில் மூத்தவர்களில் ஒருத்தியாக இருப்பதும் உங்கள் மகளுக்கு நன்மையே செய்யும்.

இனி கோச் விஷயத்துக்கு வருகிறேன். குழுவில் நடக்கும் விவாதம் முழுவதும் இயக்குநர் செய்தது சரியா, தவறா என்பதைப் பற்றியது. அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் கிளப்பில் எந்த முடிவை யார் எடுக்க முடியும் என்பது. பல கிளப்புகள் லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு பெற்று, சம்பளம் வாங்காத ஒரு நிர்வாகக் குழுவின் கீழ் இயங்குகின்றன. வழக்கமாக அந்தக் குழு பயிற்சி இயக்குநரை நியமிக்கும், கோச்சுகளை இயக்குநர் நியமிப்பார். ஆனால் அந்தக் குழுவைத் தேர்ந்தெடுப்பது யார் என்பதில் கிளப்புக்குக் கிளப் பெரிய வேறுபாடு உண்டு. சில கிளப்புகளில் பெற்றோரே உறுப்பினர்கள். ஆண்டுக் கூட்டத்தில் அவர்களுக்கு வாக்குரிமை இருக்கும். வேறு சிலவற்றில் காலியாகும் இடங்களை இருக்கும் உறுப்பினர்களே நிரப்பிக்கொள்வார்கள். பெற்றோர் அங்கே கட்டணம் செலுத்துபவர்கள் மட்டுமே. இன்னும் சில கிளப்புகள் தனியார் நிறுவனங்கள். அவற்றில் உரிமையாளர் சொல்வதே முடிவு. முதல் வகையில் மனு வலுவான ஆயுதம். இரண்டாம் வகையில் அது ஒரு வேண்டுகோள். மூன்றாம் வகையில் உங்கள் கையில் இருப்பது அடுத்த ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்துவதா, வேண்டாமா என்ற தெரிவு மட்டும்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை போதும். கிளப்பின் துணைவிதிகள் இணையதளத்தில் இல்லையென்றால் செயலாளரிடம் கேட்டு வாங்கி, ‘உறுப்பினர்’ என்ற சொல்லுக்கு அங்கே தரப்பட்டுள்ள வரையறையை முதலில் படியுங்கள். லாப நோக்கற்ற கிளப் என்றால், அது வருமான வரித்துறைக்கு ஆண்டுதோறும் அளிக்கும் படிவம் 990 பொது ஆவணம். வரித்துறையின் இணையதளத்திலும், புரோபப்ளிகா செய்தி நிறுவனம் நடத்தும் இலவசத் தேடுதளத்திலும் கிளப்பின் பெயரை இட்டுத் தேடலாம். கேட்டால் கடைசி மூன்று ஆண்டுப் படிவங்களைக் கிளப் தந்தாக வேண்டும். ஆண்டு வரவு பொதுவாக 50,000 டாலருக்கு மேல் போகாத சிறிய கிளப்புகள் மின் அஞ்சலட்டை போன்ற ஒரு குறும்படிவத்தை மட்டும் அளிக்கும் என்பதால், அதில் அதிகம் கிடைக்காது. முழுப் படிவத்தில் நிர்வாகக் குழுவினரின் பெயர்கள், உயர் பொறுப்பில் உள்ளோரின் ஊதியம் ஆகியவை இருக்கும். குழுவினரோடும் அவர்கள் குடும்பத்தாரோடும் கிளப் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கொடுக்கல் வாங்கல் செய்திருந்தால் அதற்கென்று தனி இணைப்பும் உண்டு. “இயக்குநருக்குத் தலைவர் சொந்தக்காரராம், அதனால்தான்” என்று குழுவில் ஒருவர் எழுதியதைப் பரப்புவதற்கு முன்னால் அந்தப் பக்கங்களைப் படித்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

நீக்கத்துக்கான காரணத்தைக் கிளப் சொல்லாது என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். நான் ஒரு கிளப்பின் நிர்வாகக் குழுவில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். அந்த மௌனத்தின் மறுபக்கம் எனக்குத் தெரியும். நீக்கப்பட்டவர் வழக்குப் போடலாம், அவருடைய சொந்தச் சிக்கல் வெளியே வரலாம், புகார் கொடுத்த குழந்தையின் அடையாளம் தெரிந்துவிடலாம், அல்லது குழு தன் தவறை மறைக்கலாம். வெளியிலிருந்து பார்க்கும்போது இவை நான்கும் ஒரே மாதிரி இருக்கும். ஆகவே “ஏன் நீக்கினீர்கள்?” என்ற கேள்விக்காக உங்கள் ஐந்து வாரத்தைச் செலவிடாதீர்கள். பதில் கிடைக்கக்கூடிய கேள்விகளைக் கேளுங்கள். சீசன் முடியும் வரை பயிற்சியை யார் நடத்துவார், அவர் வேறு எத்தனை அணிகளைப் பார்த்துக்கொள்கிறார், இரண்டு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் வந்தால் பெஞ்சில் யார் நிற்பார்? அடுத்த சீசனில் 12 வயதுப் பிரிவுக்கு யார் கோச், தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பான யுஎஸ் சாக்கரின் பயிற்சியாளர் படிநிலையில் அவர் எங்கே இருக்கிறார்? அந்தப் படிநிலை நால்வர், எழுவர், ஒன்பதின்மர், பதினொருவர் ஆட்டங்களுக்கான அடிப்படை வகுப்புகளில் தொடங்கி டி, சி, பி, ஏ என்று மேலே போகும். இந்த வயதுக்கு ஒன்பதின்மர் அடிப்படை வகுப்பையாவது அவர் முடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. இயக்குநர் கடந்த இரண்டு மாதங்களில் உங்கள் மகளின் பயிற்சியை எத்தனை முறை நேரில் வந்து பார்த்தார் என்றும் கேளுங்கள். இந்த ஒரு பதிலிலேயே அவரைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.

மனுவில் இப்போது கையெழுத்திட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. நாற்பது பேர் கையெழுத்திட்ட மனு மேசைக்கு வந்தபோது நாங்கள் செய்த முதல் காரியம் வழக்கறிஞரை அழைத்ததுதான். அதற்குப் பிறகு அந்தப் பெற்றோரிடம் எவரும் மனம் விட்டுப் பேசவில்லை. அதைவிட, மூன்று குடும்பங்கள் சேர்ந்து மேலே சொன்ன கேள்விகளை ஒரே பக்கத்தில் எழுதி, தேதி குறிப்பிட்டுப் பதில் கேட்டு, நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் வேண்டும் என்று செயலாளருக்கு அனுப்புங்கள். எழுதிக் கேட்டதும் பதில் வராததும் ஆவணமாக இருக்கும். பின்னால் மனு கொடுக்கும் நிலை வந்தால், அதற்கு வலுச் சேர்ப்பதும் அந்த ஆவணமே.

பழைய கோச்சோடு போவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிக வருத்தத்தை நான் பார்த்தது அங்கேதான். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிளப்பிலிருந்து விலகிய ஒரு கோச்சின் பின்னால் பதினொரு சிறுமிகள் போனார்கள். போன இடத்தில் ஏற்கெனவே ஓர் அணி இருந்தது. ஒன்பதின்மர் ஆட்டத்தில் ஓர் அணியில் பொதுவாகப் பதினாறு பேருக்கு மேல் பதிய முடியாது என்பதால், போனவர்களில் நால்வர் இரண்டாம் அணிக்குத் தள்ளப்பட்டார்கள்; அந்த அணிக்கு வேறொரு கோச். எங்களிடம் மிஞ்சிய மூவரை வைத்து அணி அமைக்க முடியவில்லை. அந்த ஜூலை மாத மாலையில், வெயில் தாழ்ந்தும் சூடு குறையாத மைதானத்தின் ஓரத்தில், அந்த மூவரில் ஒருத்தி பந்தின் மேல் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். பக்கத்து மைதானத்தில் பயிற்சி தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தது. அவளை எந்த அணியோடு நிற்க வைப்பது என்று எங்களில் எவருக்கும் தெரியவில்லை. பெரியவர்களின் விசுவாசச் சண்டையில் அந்தக் குழந்தையைப் பற்றி நாங்கள் ஒருவரும் யோசிக்கவே இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வலிக்கிறது.

ஆகவே புதிய கிளப்பிடம் கேட்க வேண்டியது: கோச்சுக்கு அங்கே எந்த வயதுப் பிரிவு உறுதியாகத் தரப்பட்டுள்ளது, அந்த அணியில் எத்தனை இடம் காலி, இரண்டாம் அணியில் சேர்க்கப்பட்டால் கட்டணம் என்ன? இப்போதைய கிளப்போடு நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்கள் முழு ஆண்டுக் கட்டணத்துக்கு உங்களைக் கட்டுப்படுத்தும். கோச் மாறுவது பணத்தைத் திரும்பக் கேட்கக் காரணமாகாது என்ற வரியும் பலவற்றில் இருக்கும். சீசன் நடுவே மாறுவதற்குக் இப்போதைய கிளப் உங்கள் மகளை விடுவிக்கும் அனுமதி தேவைப்படும் என்பதால், நடப்புச் சீசனை முடித்துவிட்டு ட்ரைஅவுட் காலத்தில் மாறுவதே சிக்கலில்லாத வழி.

இதுவரை சொன்னவை எல்லாம் திறமை, நிர்வாகம், விளக்கமின்மை போன்ற குறைகளுக்கு மட்டுமே பொருந்தும். குழந்தையின் பாதுகாப்பு பற்றிய ஐயம் எள்ளளவு இருந்தாலும் கடிதமும் கூட்டமும் காத்திருக்கட்டும். டெக்சாஸ் சட்டப்படி, ஒரு குழந்தை வதைக்கப்படுவதாகக் கருதக் காரணம் உள்ள எவரும் அதைக் காவல்துறைக்கோ மாநிலக் குழந்தைப் பாதுகாப்புத் துறைக்கோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். விளையாட்டில் நடக்கும் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க 2017 முதல் இயங்கும் சேஃப்ஸ்போர்ட் மையத்திடமும் புகார் செய்யலாம். பெரியவர் ஒருவர் சிறார் ஒருவரோடு தனியே பழகுவது பிறர் பார்க்கக்கூடியதாகவும் குறுக்கிடக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பது அந்த மையத்தின் விதி. கோச் உங்கள் மகளுக்கு அனுப்பும் செய்தியில் பெற்றோரையும் சேர்க்க வேண்டும் என்பதும் அப்படியே.

பழைய கோச் மீது குற்றம் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் அவர் ஏன் போனார் என்பது தெரியாமல் குழந்தையை அவர் பின்னால் அனுப்பச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்கத் தொழில்முறை மகளிர் லீகில் நடந்த துன்புறுத்தல்களை விசாரித்து, முன்னாள் அரசு வழக்கறிஞர் சாலி யேட்ஸ் 2022 அக்டோபரில் அளித்த அறிக்கை, அவற்றின் வேர் இளையோர் கால்பந்திலேயே இருக்கிறது என்று சொன்னது. புகாருக்கு உள்ளான கோச்சுகள் ஓர் அணியிலிருந்து இன்னோர் அணிக்குப் போகும்போது முந்தைய அணிகள் வாய் திறக்கவில்லை என்பதையும் அது வெளிப்படுத்தியது. சேஃப்ஸ்போர்ட் மையத்தின் ஒழுங்கு நடவடிக்கைப் பட்டியலில் அவர் பெயரை நீங்களே தேடிப் பார்க்கலாம். பெயர் இல்லை என்பதையே நற்சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். “முந்தைய கிளப்பிடம் விசாரித்தீர்களா?” என்று புதிய கிளப்பிடம் கேளுங்கள். கோச்சிடமே, ஏன் பிரிந்தீர்கள் என்று நேராகக் கேட்பதிலும் தவறில்லை. நல்ல கோச் அந்தக் கேள்வியால் புண்பட மாட்டார்.

உங்கள் கடிதத்தில் மகள் என்ன சொல்கிறாள் என்பது ஒரு வரிகூட இல்லை. ஆட்டம் முடிந்து காரில் வரும்போது கேட்காதீர்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். சாதாரணமான ஒரு நாளில், பள்ளி விட்டு வந்து அவள் ஏதாவது தின்றுகொண்டிருக்கும்போது, கோச் இல்லாமல் போனதில் எதற்காக வருத்தம், தோழிகளில் யார் கூட இருந்தால் போதும், பழைய கோச்சின் பயிற்சியில் பிடிக்காதது ஏதாவது இருந்ததா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். கேட்டுவிட்டு அவள் பேசும் வரை காத்திருங்கள். பிறகு இரண்டு கிளப்புகளின் ட்ரைஅவுட்டுக்கும் அவளை அழைத்துச் செல்லுங்கள். பொதுவாக அதற்குத் தடை கிடையாது. இடம் தருகிறோம் என்று சொன்ன அன்றே முன்பணம் கட்டச் சொல்வார்கள். அப்போதே கையெழுத்திடாமல், ஓர் இரவு அவகாசம் வேண்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.