ஊற்றிக் குடிக்க லாயக்கில்லாத பீங்கான் டீபாட்டைப் போய் ஏன் கலை என்கிறார்கள்?

லாயக்கில்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். விநோதமாகத் தெரிகிற பலதும் நன்றாகவே ஊற்றும்.

நான் பெரம்பூர்க்காரன். எங்கள் பக்கம் டீ என்றால் பாய்லர், துணி வடிகட்டி, கண்ணாடி கிளாஸ், அவ்வளவுதான். டீபாட் யார் வீட்டிலும் புழங்கியதில்லை. அதனாலோ என்னவோ, மண்வேலை கற்கப் போனபோது எனக்கு அது பெரிய சைஸ் சொப்புச் சாமானாகத்தான் தெரிந்தது.

செய்ய உட்கார்ந்தால்தான் அதன் குசும்பு புரியும். மூக்கின் நுனி வாய் விளிம்பைவிடத் தாழ்ந்திருந்தால், பாத்திரம் நிறைவதற்குள் மூக்கு வழியே வழிந்துவிடும். மூடியில் காற்று நுழைய ஓட்டை இல்லையென்றால் டீ விக்கி விக்கி வரும். சக்கரத்தில் இழுத்த மூக்கு சூளையில் வேகும்போது இன்னும் கொஞ்சம் திருகிக்கொள்ளும். அதற்காகவே நுனியை முன்கூட்டிச் சாய்த்து அறுப்பவர்கள் உண்டு. கொசப்பேட்டை கொலு பொம்மைக்கு இந்தத் தலைவலி கிடையாது, லட்சணமாக உட்கார்ந்திருந்தால் போதும். டீபாட் வேலையும் பார்த்தாக வேண்டும். இவ்வளவு கெடுபிடி இருப்பதால்தான் குயவருக்கு அதனிடம் வம்பு பண்ணத் தோன்றுகிறது. மூக்கும் கைப்பிடியும் இருந்துவிட்டால் நடுவில் எதை வைத்தாலும் நாம் டீபாட் என்றே சொல்கிறோம்.

இது நேற்று வந்த கூத்தும் இல்லை. சீனாவின் யிஷிங் ஊரில் கிளேஸ் (கண்ணாடி போன்ற மேற்பூச்சு) பூசாத ஊதாக் களிமண்ணில் பூசணி, மரக்கட்டை வடிவங்களை நூற்றாண்டுகளாகச் செய்கிறார்கள். இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் 1760-களிலேயே காலிஃப்ளவர் டீபாட் வந்துவிட்டது.

அமெரிக்கரான ரிச்சர்ட் நாட்கின் யிஷிங் பாணியைக் கையிலெடுத்து, 1983-ல் அணுமின் நிலையக் குளிர்விப்புக் கோபுரங்களையே டீபாட்டாக்கினார். எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையத்தின் இடுப்பு ஒடுங்கிய கோபுரங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம், அதில் டீ ஊற்றிக் கொடுத்தால் குடிப்பேனா என்று யோசித்தேன். லாஸ் ஏஞ்சலஸின் பீட்டர் ஷையர் வேறு ரகம்: பளிச் வண்ணங்களில் உருளையும் கோணமுமாக அடுக்குவார். பிடிக்கும், ஆனால் எங்கே பிடிப்பது என்றுதான் தெரியாது.

கண்காட்சிக்குப் போனால் அனுமதி கேட்டு மூடியைத் தூக்கிப் பாருங்கள். மூக்கு சேருமிடத்தில் ஓட்டை போட்டிருந்தால், செய்தவர் டீயை மனதில் வைத்திருக்கிறார். ஓட்டையே இல்லாமல் ஒட்டியிருந்தால் அது சிற்பம்; விலையையும் சிற்பத்துக்குப் பேசுகிற மாதிரியே பேசுங்கள்.