பறக்கிற பென்குயினா?

கேள்வி: பிரெஞ்சுச் சிறுவர் கதை ஒன்றைத் தமிழாக்குகிறேன். பிரான்சின் வடமேற்கில் உள்ள பிரிட்டனி கடற்கரைப் பாறையிலிருந்து 'பெங்குவான்' பறந்து போவதாக வருகிறது. பென்குயின் பறக்காதே, 'நீந்திப் போனது' என்று மாற்றுங்கள் என்கிறது மொழிபெயர்ப்பு ஏஜென்சி. மாற்றலாமா?

பதில்: மாற்றவே மாற்றாதீர்கள். பறந்தது சரி, பறவைதான் வேறு. பிரெஞ்சில் பெங்குவான் என்பது ஆங்கிலத்தில் ரேசர்பில் எனப்படும் வட அட்லாண்டிக் பறவை. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, பக்கவாட்டில் தட்டையான தடித்த அலகு, அதன் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. பிரிட்டனியை ஒட்டிய செத்-ஈல் தீவுகளில் முட்டையிடுகிறது, நன்றாகவே பறக்கும். தென்துருவப் பென்குயினுக்குப் பிரெஞ்சில் 'மான்ஷோ' என்று தனிப்பெயர் உண்டு.

குழப்பத்துக்குக் காரணம் மாலுமிகள். வட அட்லாண்டிக்கில் இருந்த பறக்காத பெரிய ஆக் பறவைக்குத்தான் 16ஆம் நூற்றாண்டில் பென்குயின் என்று பெயர். தெற்கே போனவர்கள் அதே சாயலில் ஒன்றைக் கண்டதும் அதையும் அப்படியே அழைத்தார்கள். அசல் பறவையின் கடைசி ஜோடியை 1844இல் ஐஸ்லாந்தின் எல்டே தீவில் கொன்றுவிட்டார்கள். பெயர் தெற்கத்திப் பறவையிடமே தங்கிவிட்டது.

பெயரின் வேர் 'வெள்ளைத் தலை' என்று பொருள்படும், வேல்ஸ் மக்களின் வெல்ஷ் மொழிச் சொல் என்பார்கள். கொழுப்பைக் குறிக்கும் லத்தீன் சொல் என்பாரும் உண்டு. பெரிய ஆக்கின் தலையோ கறுப்பு. கண்ணுக்கு முன்னால் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு. அடிக்குறிப்பில் வெல்ஷ்தான் என்று அடித்து எழுதிவிடாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு. பிரெஞ்சுக்காரர்களே பேச்சில் தென்துருவப் பறவையையும் பெங்குவான் என்றுதான் சொல்கிறார்கள். கார்ட்டூனிலும் சிறுவர் கதையிலும் இது சகஜம். அதனால் சொல்லை நம்பாதீர்கள், இடத்தைப் பாருங்கள். அண்டார்டிகா என்றால் பென்குயின். பிரிட்டனி, ஐஸ்லாந்து என்றால் இல்லை. பறந்தால் எங்கே பறந்தாலும் இல்லை. உங்கள் கதையில் இடமும் சரி, பறப்பதும் சரி; ரேசர்பில் என்றே போட்டு, அலகைப் பற்றி ஒரு வரி சேருங்கள்.

உங்கள் ஏஜென்சி பிரெஞ்சு மூலத்தைத் திறந்தே பார்த்திருக்காது என்பது என் சந்தேகம். இந்தத் தரகர்கள் பலர் மூலத்தை இயந்திரத்தில் போட்டு ஆங்கிலமாக்கி, அதைச் சொல்லுக்கு இத்தனை பைசா என்று நம் தலையில் கட்டுவார்கள். மூலப்பிரதியைக் கேட்டு வாங்காமல் ஒரு பக்கமும் செய்யாதீர்கள். நீங்கள் சம்மதிக்காமல் திருத்தக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அரசு நூலகங்களுக்குப் புத்தகம் எடுக்கும் நூலக ஆணைக்குத் தேதி நெருங்கினால், நம் பதிப்புலகில் அகராதியைப் புரட்ட ஆள் கிடையாது.

ஓவியரிடமும் இன்றைக்கே பேசிவிடுங்கள். அட்டையில் பென்குயின் ஏறிவிட்டால், படத்தை விட்டுவிட்டுக் கதையைத்தான் திருத்தச் சொல்வார்கள்.