போக்கராவில் வெயில் அடிக்கிறது, விமானம் ஏன் கிளம்பவில்லை?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பாவுக்கு 68 வயது, அம்மாவுக்கு 63. மே கடைசியில் முக்திநாத் யாத்திரை போகிறார்கள். போக்கராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சின்ன விமானம். போன வருடம் போன உறவினர்கள் இரண்டு நாள் விமான நிலையத்திலேயே காத்துக் கிடந்தார்களாம். நல்ல வெயில் அடித்தும் விமானத்தை எடுக்கவில்லையாம். கூட்டமாகப் போய்ச் சத்தம் போட்டால்தான் எடுப்பார்கள் என்கிறார்கள். இதில் அனுப்பலாமா?"

அனுப்பலாம். ஆனால் சத்தம் போடுகிற குழுவோடு அனுப்பாதீர்கள். பல வருடம் சிறு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேபாளத்தில் இருக்கும் முக்திநாத்தான் சாளக்கிராமம், 108 திவ்ய தேசங்களில் ஒன்று என்பதால் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இந்த வழியில் போகிறார்கள். வழி எப்படிப்பட்டது என்பது பலருக்குத் தெரிவதில்லை. போக்கரா சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜோம்சோம் சுமார் 2,700 மீட்டரில். பறக்கும் நேரம் இருபது நிமிடம்தான். ஒரு பக்கம் அன்னபூர்ணா, 8,091 மீட்டர். இன்னொரு பக்கம் தவளகிரி, 8,167 மீட்டர். நடுவே காளி கண்டகி ஆறு அறுத்துப் போட்ட பள்ளத்தாக்கு. சென்னையிலிருந்து டில்லிக்குப் போகும் விமானம் மேகம் வந்தால் அதற்கு மேலே ஏறிவிடும். இந்த வழியில் ஓடும் ட்வின் ஆட்டர் போன்ற 19 இருக்கை விமானத்தில் அது நடக்காது. உள்ளே காற்றழுத்த வசதி கிடையாது, அவ்வளவு உயரம் போனால் மூச்சு முட்டும். மலைகளுக்கு மேலே அல்ல, மலைகளுக்கு இடையேதான் போயாக வேண்டும். அதுவும் பைலட் கண்ணால் மலையையும் ஆற்றையும் பார்த்துக்கொண்டே. ஆகவே போக்கராவில் வெயில் அடிப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நடுவில் கோரேபானி முகட்டில் ஒரு மேகம் உட்கார்ந்திருந்தாலே வழி அடைபட்டுவிடும்.

மேகத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? பயிற்சியில் மாணவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு விமானத்தை மெல்ல, மிக மெல்லச் சாய்த்துத் திருப்புவேன். அரை நிமிடம் கழித்து "இப்போ எப்படிப் போறோம்?" என்று கேட்டால், "நேராப் போறோம் சார்" என்று பதில் வரும். கண்ணைத் திறந்தால் எதிரே கருவியில் தொடுவானக் கோடு முப்பது டிகிரி சாய்ந்து நிற்கும். முகம் வெளுத்துவிடும். நம் உள்காதில் இருக்கும் திரவம்தான் திரும்புவதை உணர்த்துகிறது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் சில நொடிகளில் அந்தத் திரவமும் கூடவே சுழலத் தொடங்கி, திரும்பும் உணர்வே போய்விடும். அப்போது விமானத்தை நேராக்கினால் எதிர்ப்பக்கம் சாய்வது போலத் தோன்றும். உடம்பை நம்பி மறுபடி சாய்த்தால், விமானம் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கும்.

1954-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி, அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி, இல்லாத 20 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக அதற்கு ஆன நேரம் 178 நொடி, மூன்று நிமிடம்கூட இல்லை.

நேபாள பைலட்டுகள் கருவிப் பயிற்சி பெற்றவர்கள், அனுபவசாலிகள். ஆனாலும் குறுகலான பள்ளத்தாக்கில் மேகம் மூடிவிட்டால் விமானத்தை நேராக வைத்திருப்பது மட்டும் போதாது. சுவர் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும், திரும்பிவர இடம் வேண்டும். 2016 பிப்ரவரி 24 அன்று இதே வழியில் ஒரு ட்வின் ஆட்டர் மலையில் மோதி 23 பேர் இறந்தார்கள். 2022 மே 29 அன்று இன்னொன்று மோதி 22 பேர் போனார்கள், நால்வர் இந்தியர்கள். இரண்டிலும் விமானம் மேகத்துக்குள் போயிருந்தது. இரண்டாவதில், மலை நெருங்கினால் எச்சரிக்கும் கருவியைச் செயல்படாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள் என்று விசாரணை அறிக்கை சொன்னது. பள்ளத்தாக்கில் பறக்கும்போது அது ஓயாமல் கத்தும் என்பதுதான் அப்படி நிறுத்திவைக்கத் தூண்டுகிற காரணம். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை.

அடுத்தது காற்று. காலையில் ஜோம்சோம் அமைதியாக இருக்கும். வெயில் ஏற ஏற வடக்கே முஸ்தாங் நிலம் சூடாகி, காற்று மேலே எழும். அந்த இடத்தை நிரப்பக் கீழேயுள்ள காற்று பள்ளத்தாக்கு வழியாகப் பாய்ந்து வரும். முற்பகல் கடந்தால் மணலை அள்ளி முகத்தில் வீசும் அளவுக்குப் பலமாகிவிடும். போதாக்குறைக்கு, அந்த உயரத்தில் காற்று நம் ஊரைவிட ஏறக்குறைய கால் பங்கு மெலிது. இறக்கைக்கும் இன்ஜினுக்கும் பலம் குறைவு. கீழ்நோக்கி அழுத்தும் காற்றில் மாட்டினால் ஏறித் தப்பிக்க மிச்ச சக்தி இருக்காது. அதனால்தான் விமானங்கள் காலையிலேயே ஓடி முடித்துவிடுகின்றன. மூட்டையை எடை போடும்போது முகம் சுளிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

இப்போது அந்தச் சத்தத்துக்கு வருகிறேன். பைலட்டும் மனிதர்தான். வெளியே நாற்பது பேர் கத்திக்கொண்டிருக்க, பக்கத்து கம்பெனி விமானம் ஒன்று கிளம்பிப் போக, "சரி, போய்ப் பார்ப்போம்" என்ற எண்ணம் யாருக்கும் வரும். "இன்று முடியாது" என்று சொல்கிறவர் உங்கள் அப்பா அம்மாவைக் காப்பாற்றுகிறார்.

முடிந்தால் மே கடைசியை மாற்றுங்கள். மழைக்காலம் நெருங்கும் சமயம், மேகம் கூடிக்கொண்டே போகும். அக்டோபர் பாதிக்கு மேல் நவம்பர் வரை வானம் நன்றாகத் தெளிந்திருக்கும். நாளின் முதல் விமானத்தில் இடம் கேளுங்கள். போகும்போது இரண்டு நாள், திரும்பும்போது இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் காட்மாண்டுவிலிருந்து ஊருக்கு டிக்கெட் போட வேண்டும். பெரும்பாலான அவசரம் அந்த டிக்கெட்டால்தான் வருகிறது. பத்து மணியைத் தாண்டியும் கிளம்பவில்லை என்றால், நானாக இருந்தால் அன்றைக்கு ரூமுக்குத் திரும்பிவிடுவேன்.

ஜீப்பில் போகும் சாலையும் உண்டு. ஏறக்குறைய ஒரு பகல் முழுக்க ஆகும், இடுப்பு வலிக்கும், மழைக்காலத்தில் மண்சரிவு பயமும் உண்டு. ஆனால் ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்திக் காத்திருக்கலாம், ஆகாயத்தில் அது முடியாது. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருந்தால் சாலை வழியில் இன்னொரு நன்மை, உயரம் மெதுவாக ஏறும். முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். விமானத்தில் போனால் இறங்கிய அன்றே கோயிலுக்கு ஓட வேண்டாம். ஓர் இரவு ஜோம்சோமில் தங்கட்டும். கிளம்பும் முன் அவரை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.