ப்ரான்ஸ்வில் பிள்ளைகள்: கடிதம்

அன்புள்ள ஐயா,

சிகாகோவின் ப்ரான்ஸ்வில் பகுதியில் 1930, 40களில் வளர்ந்த கறுப்பின மக்களின் சிறுவயது நினைவுகளை வாசித்துவருகிறேன். ஒதுக்கிவைக்கப்பட்ட, நெரிசல் மிகுந்த இடம் என்கிறது வரலாறு. அங்கே வளர்ந்தவர்களோ ராஜா வீட்டுக் கன்றுக்குட்டி போலப் பேசுகிறார்கள். வயதானபின் வரும் ஏக்கம்தானா இது? இவற்றை எப்படி வாசிப்பது?

செ., மதுரை

அன்புள்ள செ.,

ஏக்கம் உண்டுதான். ஆனால் அந்தப் பெருமிதத்துக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய காரணங்களும் இருந்தன.

கறுப்பருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று வெள்ளையர் தங்கள் வீடுகளுக்கு ஒப்பந்தம் எழுதிப் பதிவுசெய்தார்கள். சிகாகோ வீட்டுமனை வணிகர் சங்கம் 1927இல் அதற்கு மாதிரி வாசகமே தயாரித்துக் கொடுத்தது. ஆகவே மருத்துவரும் தபால் குமாஸ்தாவும் இறைச்சிக்கூடத் தொழிலாளியும் அடுத்தடுத்த தெருக்களில் குடியிருக்க நேர்ந்தது. காய்ச்சல் என்று போனால், 1891இல் டேனியல் ஹேல் வில்லியம்ஸ் தொடங்கிய பிராவிடன்ட் மருத்துவமனையில் ஊசி போடுபவர் கறுப்பர். வாராவாரம் வரும் 'சிகாகோ டிஃபென்டர்' இதழின் முதலாளி கறுப்பர். 'நம்மாலும் முடியும்' என்று பிள்ளைக்குத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

நினைவுக் குறிப்புகளில் நூலகம் வரும் இடங்களை நிதானமாக வாசியுங்கள். 48ஆம் தெருவும் மிச்சிகன் அவென்யூவும் சேரும் இடத்தில் 1932இல் ஹால் கிளை நூலகம் திறந்தது. தலைமை நூலகர் விவியன் ஹார்ஷ்; குழந்தைகள் பிரிவில் சார்லிமே ஹில் ராலின்ஸ். அன்றைய சிறுவர் நூல்களில் கறுப்பினப் பாத்திரம் என்றால் பெருத்த உதடு, உருளும் விழி. வேலைக்காரன், இல்லையென்றால் கோமாளி. பேச்சையும் கேலிக்காகவே சிதைத்து எழுதியிருப்பார்கள். ராலின்ஸ் 1941இல் 'வீ பில்ட் டுகெதர்' என்ற தேர்வு வழிகாட்டியை வெளியிட்டார். படம், பேச்சுமொழி, பாத்திரத்துக்குத் தந்திருக்கும் இடம் ஆகியவற்றைச் சோதித்துப் புத்தகம் வாங்கும் முறை அது. அந்த அலமாரியிலிருந்து புத்தகம் எடுத்த பிள்ளைக்குத் தன் முகம் கேலிப்படமாகக் கிடைக்கவில்லை. என் கணிப்பில், 1929 முதல் ஆகஸ்டில் பிள்ளைகளுக்காக நடந்துவரும் பட் பில்லிக்கன் ஊர்வலத்தைவிட இது ஆழமாக வேலை செய்தது. ஊர்வலத்தைத்தான் எல்லோரும் எழுதுவார்கள். வாத்தியமும் ஐஸ்கிரீமும் நினைவில் நிற்பது இயல்பு.

இனி மறுபக்கம். 'கிச்சனெட்' என்ற சொல் வந்தால் கடந்துபோய்விடாதீர்கள். அக்காலத்து எழுத்தாளர் ஒருவர் போட்ட கணக்கு இது: வெள்ளையருக்கு மாதம் 50 டாலருக்கு விட்ட ஏழு அறை வீட்டை ஏழாகத் தடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு அடுப்பும் தொட்டியும் வைத்து, அறைக்கு வாரம் 6 டாலர் வசூல். மாத வாடகை ஏறக்குறைய வார வாடகையாகிவிட்டது, அவ்வளவுதான். கழிப்பறை எல்லோருக்கும் பொது. தீப்பிடித்தால் தப்ப வழி குறைவு. பள்ளிகளிலும் இடமில்லாமல் காலை, மதியம் என்று இரண்டு ஷிஃப்ட் நடத்தினார்கள்.

எனவே ஒரு குறிப்பைக் கையில் எடுத்ததும் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: தெரு, ஆண்டு, பெற்றோரின் வேலை. புல்மேன் நிறுவனத்தின் ரயில் படுக்கைப் பெட்டிகளில் பயணிகளைக் கவனிக்கும், அன்று கறுப்பரிடையே மதிப்பான வேலையில் இருந்தவரின் மகளும் கிச்சனெட்டில் வளர்ந்தவளும் ஒரே ப்ரான்ஸ்வில்லைப் பார்க்கவில்லை. ஆண்டு ஏன் முக்கியம் என்றால், அந்த ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் வசதியுள்ளவர்கள் மெல்ல வேறு பகுதிகளுக்குப் போனார்கள். 1960களின் பிள்ளைக்கு அடுத்த தெருவில் மருத்துவர் இருந்திருக்க வாய்ப்பு குறைவு.

'எல்லோரும் ஒரே குடும்பமாக இருந்தோம்' என்ற வரியை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். தெற்கு மாநிலங்களிலிருந்து புதிதாக வந்தவர்களைப் பழைய குடிகள் இளக்காரமாகப் பார்த்தார்கள். தெருவில் சத்தமாகப் பேசாதே, சமையல் ஏப்ரனோடு வெளியே வராதே என்ற வகையில் அவர்களுக்கு அறிவுரைப் பட்டியல்கள் அச்சாயின. 'டிஃபென்டர்' இதழும் அவற்றை வெளியிட்டது. மிசிசிப்பியிலிருந்து வந்து இறங்கிய பிள்ளைகள் எழுதியவை கிடைத்தால், அவற்றையும் சேர்த்து வாசியுங்கள்.