பீர் நொதிப்புப் பெட்டி: கேட்டதும் சொன்னதும்

வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள், வெப்பநிலையைக் கட்டுக்குள் வைக்கும் பெட்டியைத் தாமே செய்துகொள்வது பற்றிக் கேட்டவை இவை. பதில் சொல்பவன் மூன்று பெட்டிகள் செய்தவன், முதலாவது உருப்படவில்லை.

கேள்வி: என் அறை எப்போதும் 20 டிகிரியில்தான் இருக்கிறது. ஏல் வகை பீரை நொதிக்க வைக்கும் ஈஸ்ட்டுக்கு அது போதுமே, பெட்டி எதற்கு?

பதில்: அறைதான் 20 டிகிரி, பீர் அல்ல. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது வெப்பம் வெளியாகும். நொதிப்பு உச்சத்தில் இருக்கையில் கலனுக்குள் இருக்கும் பீர் அறையைவிட 3 முதல் 5 டிகிரி வரை சூடேறலாம். அந்தச் சூட்டில் பல ஏல் ஈஸ்ட்டுகள் ஃபியூசல் எனும் காட்டமான ஆல்கஹாலை அதிகமாக உண்டாக்கும். குடித்தால் தொண்டை எரியும், தின்னர் வாடை அடிக்கும். உண்டான பிறகு எத்தனை வாரம் குளிரில் வைத்தாலும் அது போகாது. முதல் மூன்று நாள் காவல் காத்தால் பாதி வேலை முடிந்தாயிற்று.

கேள்வி: பழைய ஃப்ரிட்ஜா, மேலே மூடி திறக்கும் ஃப்ரீசரா?

பதில்: ஃப்ரிட்ஜ். 23 லிட்டர் நிறைந்த கலனை ஃப்ரீசரின் விளிம்புக்கு மேல் தூக்கி உள்ளே இறக்கிப் பாருங்கள், உங்கள் முதுகே பதில் சொல்லிவிடும். மேலும், நொதிப்பில் வெளியாகும், காற்றைவிடக் கனமான கார்பன் டை ஆக்சைடு அந்தக் குழிக்குள் தேங்கும். ஃப்ரீசர்தான் கிடைத்தது என்றால், மூடியைத் திறந்து சற்று நேரம் பொறுத்த பிறகே உள்ளே குனியுங்கள்.

கேள்வி: ஃப்ரிட்ஜின் சொந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். அதை அதிகபட்சக் குளிருக்குத் திருப்பி வையுங்கள். வெளியே ஒரு வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி, அதில் ஃப்ரிட்ஜின் ப்ளக். மின்சாரத்தைக் கொடுப்பதும் நிறுத்துவதும் கருவியின் வேலை. குளிர், சூடு இரண்டுக்கும் தனித்தனி இணைப்பு உள்ளதாக வாங்குங்கள். கம்ப்ரசர் நின்றதும் உடனே மறுபடி ஓடக் கூடாது. 5 நிமிடத் தாமதம் வையுங்கள்.

கேள்வி: அந்தக் கருவியின் சென்சாரை எங்கே வைப்பது?

பதில்: என் முதல் பெட்டி கெட்டது இதில்தான். சென்சாரைக் காற்றில் தொங்கவிட்டேன். கருவி 18 என்று காட்டியது, நானும் நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் பீர் அதைவிட நான்கு டிகிரி மேலே கொதித்துக்கொண்டிருந்தது. கலனின் பக்கவாட்டில், பீர் மட்டத்துக்குக் கீழே சென்சாரை ஒட்டி, அதன் மேல் கனமான ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றை வைத்து டேப் சுற்றுங்கள். அப்போது அது காற்றை விட்டுவிட்டுக் கலனின் சூட்டை அளக்கும். ஏற்ற இறக்கம் அரை டிகிரிக்குள் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். ஒரு டிகிரி விட்டுக்கொடுத்தால் கம்ப்ரசர் நீண்ட நாள் உழைக்கும்.

கேள்வி: குளிர்காலத்தில் சூடாக்க உள்ளே ஒரு பல்பு போடலாமா?

பதில்: வெளிச்சம் பட்டால், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் சிதைந்து, ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றம் பீரில் ஏறும். குறைந்த வாட் கொண்ட சூட்டு விரிப்பு போதும்.

கேள்வி: வயர் நுழைக்கப் பக்கச்சுவரில் துளை போடலாமா?

பதில்: கூடாது. குளிர்வாயுக் குழாய்கள் சுவருக்குள் ஓடலாம். பல ஃப்ரிட்ஜ்களில் இருப்பது எளிதில் தீப்பற்றும் ஐசோபியூட்டேன். மெல்லிய வயர்தானே, கதவு ரப்பரே இடம் கொடுக்கும்.

கேள்வி: ஃப்ரிட்ஜ் வாங்க வசதியில்லை. வேறு வழி?

பதில்: தடித்த தெர்மாகோல் பலகையில் பெட்டி செய்து, உறைந்த தண்ணீர் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றுங்கள். ஏலுக்கு இது தாங்கும். 10 டிகிரி கேட்கும் லாகர் வகை பீருக்கு ஓடி ஓடி அலுத்துவிடுவீர்கள். அதைவிட நார்வேயின் குவைக் ஈஸ்ட்டை வாங்கிவிடலாம். 35 டிகிரியிலும் சுத்தமாக நொதிக்கும். பெட்டி செய்பவன் இதைச் சொல்லக் கூடாதுதான்.

கேள்வி: நொதித்து முடிந்ததும் 2 டிகிரிக்கு இறக்கினேன். கலனின் வாயு வெளியேற மூடியில் செருகும் ஏர்லாக்கில் இருந்த நீர் காணாமல் போய்விட்டது!

பதில்: பீருக்குள் போயிருக்கிறது. குளிர்ந்தால் கலனுக்குள் உள்ள வாயு சுருங்கி வெளியிலிருந்து உறிஞ்சும். அடுத்த முறை குளிர்விக்கும் முன் ஏர்லாக்கை எடுத்துவிட்டு, துளையை அடைப்பானால் மூடுங்கள். ஆனால் நொதிப்பு முழுதாக முடிந்த பிறகு மட்டும்.